கிராமத்தில் மாதம் ஒரு திரையிடல்: முதல் கூட்டத்திலிருந்து நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது வரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் சுற்றுவட்டத்தில் வாழும் தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் தன்னார்வலர்களாகச் சேர்ந்து மாதம் ஒரு படம் காட்டுகிறோம். அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்களிலும் இளைஞர்கள் ஆரம்பிக்கிறார்கள். அவர்களில் பலர் இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்து நின்றவர்களை நான் பார்த்ததில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தவர்கள்தான் நின்றுபோனார்கள். வசூல் செய்து முதல் வேலையாகப் புரொஜெக்டர் வாங்கிய ஒரு குழுவின் இயந்திரம் இன்றும் அலமாரியில் பெட்டி பிரிக்காத நிலையில் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. முதலில் பன்னிரண்டு பேர்

ஆறு வேலைகள் இருக்கின்றன: இடமும் பாய்களும், திரை, புரொஜெக்டர், ஒலியும் மின்சாரமும், கடிதங்களும் அனுமதிகளும், பணம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே பாதிப் பேர் வேலைக்குக் கோயம்புத்தூர் போய்வருகிறவர்கள். பஸ் தாமதமாகும், வீட்டில் விசேஷம் வரும், உடம்புக்கு முடியாமல் போகும். புரொஜெக்டர் தெரிந்த ஒரே ஆள் வராத மாலையில் எண்பது பேர் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பன்னிரண்டு பேரில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும். பெண்களின் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலிருந்து இரண்டு பேரையாவது அழையுங்கள். காட்சிக்குப் பெண்கள் வருவதும் வராததும் அவர்கள் வீடு வீடாகச் சொல்வதைப் பொறுத்திருக்கிறது. சுவரொட்டி பார்த்து எங்கள் ஊரில் ஒரு பெண்கூட வந்ததில்லை. 'அக்கா, நானும் வருகிறேன், சேர்ந்து போகலாம்' என்று ஒருவர் சொன்னால்தான் வருகிறார்கள்.

2. இடம்: மூன்று மாலைகள் உட்கார்ந்து பாருங்கள்

வாயனசாலை (ஊர் நூலகம்) முற்றம், பள்ளி வளாகம், சமுதாயக் கூடம், அறுவடை முடிந்த களம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்வு செய்வீர்கள். கோயில் வளாகத்தைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே நுழையத் தயங்குகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பொதுவான வாயனசாலைக்குள் எல்லோரும் கூசாமல் வருவார்கள்.

தேர்ந்த இடத்தில், காட்சி நடக்கவிருக்கும் அதே நேரத்தில், மூன்று மாலைகள் சும்மா உட்காருங்கள். தெருவிளக்கு எந்தப் பக்கம் விழுகிறது, பஸ் திரும்பும்போது முன்விளக்கு எங்கே அடிக்கிறது, பக்கத்தில் நெல் அரைக்கும் இயந்திரம் எத்தனை மணிக்கு ஓடுகிறது, கள்ளுக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதெல்லாம் பகலில் போய்ப் பார்த்தால் தெரியாது. தெருவிளக்கை அணைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் இல்லாத பாதையில் பாம்பும் உண்டு, பெண்களுக்குப் பயமும் உண்டு. விளக்கை விட்டுவிட்டுத் திரையைத் திருப்புங்கள்.

அந்த மூன்று நாட்களிலேயே திசையையும் முடிவு செய்துவிடுங்கள். திரை மேற்குப் பார்த்து இருந்தால் அந்தி வெளிச்சம் நேராக அதன் மேல் விழும், முதல் அரை மணி நேரப் படம் வெளிறிப்போகும். அதைவிட முக்கியம் காற்று. நாம் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கிழக்குக் காற்று அடிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதே கணவாயில் மேற்குக் காற்று. இரண்டும் கிழக்கு மேற்காகத்தான் ஓடுகின்றன. ஆகவே திரை வடக்கு அல்லது தெற்குப் பார்க்கட்டும். அப்போது காற்று துணியின் மேல் மோதாமல் அதன் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

3. நாளும் நேரமும்

எங்கள் நாள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. கேரளத்தில் அது அரசு விடுமுறை, பள்ளியும் இல்லை, மறுநாள் ஞாயிறு. அதைவிட முக்கியமாக, ஒருமுறை சொன்னால் யாரும் மறப்பதில்லை. 'விரைவில் அறிவிக்கப்படும்' என்று போட்ட குழுவுக்கு அடுத்த காட்சியில் பாதிக் கூட்டம்தான் வந்தது.

டிசம்பரில் சூரியன் 6 மணியை ஒட்டி மறைகிறது. 6.30-க்கு நல்ல இருட்டு. மே மாதம் மறையவே 6.40 ஆகும், 7 மணி தாண்டித்தான் திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரியும். படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மாலைப் பால் ஊற்றி, சமையல் முடித்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு வரும் பெண்ணுக்கு ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடமும் தர முடியாது.

திறந்தவெளி டிசம்பரிலிருந்து மே வரைதான். நம் பகுதி பாலக்காடு மாவட்டத்தில் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று என்றாலும் அக்டோபர், நவம்பர் துலாமழை சரியாக மாலையில் இடியோடு வரும். அந்த மாதங்களில் கூரைக்குள் காட்டுங்கள். மார்ச்சில் தேர்வு. முதலமடைப் பக்கம் மாங்காய் பறிக்கும் மாதங்களில் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்கே தூங்கிவிடுவார்கள். அப்போது ஒரு மணி நேரப் படங்களைப் போடுங்கள்.

4. படத்தின் உரிமை

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். குறுந்தகடு சொந்தமாக இருப்பதாலோ, இணையத் தளத்துக்குச் சந்தா கட்டியிருப்பதாலோ ஊர் கூடிய இடத்தில் காட்டும் உரிமை வந்துவிடாது. அது வீட்டில் பார்ப்பதற்கான உரிமை மட்டுமே. இலவசமாகத்தானே காட்டுகிறோம் என்ற பதிலும் செல்லாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுமக்கள் முன் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

எனவே உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தயாரிப்பாளர் அதை வேறொருவருக்கு விற்றிருக்கலாம். கடிதத்தில் ஊர், இடம், தேதி, எத்தனை பேர் வருவார்கள், கட்டணம் இல்லை, ஒரே ஒரு காட்சி என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வாய்மொழியாகச் 'சரி' என்றால் போதாது, மின்னஞ்சலில் ஒரு வரியாவது வாங்குங்கள். ஆறு வாரம் முன்பே எழுத வேண்டும், மூன்று படங்களுக்கு ஒரே நேரத்தில் எழுத வேண்டும். ஒன்றுக்குப் பதிலே வராது, ஒன்றுக்குக் கட்டுப்படியாகாத தொகை கேட்பார்கள், ஒன்று கிடைக்கும்.

ஆவணப்பட, குறும்பட இயக்குநர்கள் பெரும்பாலும் மகிழ்ந்து தருகிறார்கள். குழந்தைகள் படங்களுக்கு முன்பு தனி அரசு நிறுவனம் இருந்தது. 2022 மார்ச்சில் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டதால் இப்போது அங்கேதான் எழுத வேண்டும்.

பழைய படங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. ஆனால் கதைக்கும் பாட்டுக்கும் தனி உரிமை இருக்கக்கூடும். ஆகவே வயதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் கேட்டுவிடுங்கள்.

பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். அதன் வகையைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு யு.ஏ. வகை (பெற்றோர் வழிகாட்டுதலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்பது) 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்திருக்கிறது. பாயில் முன்வரிசை முழுக்கக் குழந்தைகள் இருக்கும் நம் காட்சிகளில் இந்த எண்ணைச் சுவரொட்டியிலேயே போட்டுவிடுங்கள்.

5. இடத்துக்கான அனுமதிகள்

மூன்று தாள்கள் வேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரரின் ஒப்புதல், ஊராட்சிச் செயலருக்கு ஒரு விண்ணப்பம், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி. செயலரிடம், திரையிடலுக்குத் தனி உரிமம் தேவையா என்று எழுத்திலேயே கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அலுவலர் மாறினால் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை. தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் தமிழில் விண்ணப்பிக்க நமக்கு உரிமை இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கூடவே ஒரு மலையாளப் பிரதியையும் இணைத்தால் வேலை விரைவாக நடக்கும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர வரம்பு 55 டெசிபல். ஒன்பது மணிக்கே முடித்துவிடும் குழு பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணத்தை இழப்பதில்லை.

டிக்கெட் போடாதீர்கள். கட்டணம் வாங்கிய கணத்தில் கேளிக்கை வரி, உரிமம், உரிமையாளருக்குப் பங்கு என்று எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

6. எந்தப் படம், எந்த மொழி

எங்கள் ஊரில் பாட்டிக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து எதுவும் தெரியாது. மகள் தமிழ் படிப்பாள். பேரன் மலையாளப் பள்ளியில் படிக்கிறான், தமிழ் பேசுவான், தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறித்தான் படிப்பான். மூவரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். இந்த ஒரு பாயை நினைத்துப் படம் தேர்வு செய்தால் தவறு வராது.

முதல் காட்சிக்கு மௌனப் படமோ, பேச்சு மிகக் குறைந்த படமோ போடுங்கள். எங்கள் முதல் காட்சி அப்படித்தான் அமைந்தது, பாட்டியும் பேரனும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். இரண்டாவது தமிழ், மூன்றாவது மலையாளம் என்று போகலாம். மலையாளம் காதுக்குப் பழகியதுதான், அதனால் மொழி தெரியாது என்று யாரும் எழுந்து போவதில்லை. வேற்றுமொழிப் படத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு தொடுங்கள்.

தமிழ் வசனவரிகளை (சப்டைட்டில்) நீங்களே தயாரிப்பதாக இருந்தால் அதற்கும் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு ஐந்தாறு சொல் போதும். நாம் பேசும் தமிழில் எழுதுங்கள். 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று எந்த மாமாவும் அத்தையிடம் சொன்னதில்லை. கோப்பை யூ.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் திரையில் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக நாங்கள் செய்வது இது: வாயனசாலையில் கதை சொல்லிப் பழகிய ஒரு அக்கா, படம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் பேசுவார். இவள் அம்மா, இவன் மூத்தவன், இவர்களுக்குள் நிலத் தகராறு என்று ஆட்களை அறிமுகம் செய்வார், முடிவைச் சொல்ல மாட்டார். படத்தின் நடுவே நான்கைந்து இடங்களில் மட்டும் ஒலிவாங்கியில் ஒரு வரி சொல்வார். அந்த இடங்களை ஒத்திகையிலேயே குறித்து வைத்திருப்பார். ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்க முயன்ற ஒரு குழுவில் நடிகர்களின் குரலே கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் திறமை நம் பாட்டிமாருக்கு நிறையவே இருக்கிறது. ஆட்கள் யார் என்பது தெரிந்தால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

7. திரை

12 அடி அகலம், ஏறக்குறைய 6 அடி 9 அங்குல உயரம். கிராமத்துக்கு இது போதும். வசனவரி படிக்க வேண்டுமானால் கடைசி வரிசை திரை உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது சுமார் 40 அடி. முதல் வரிசையை 12 அடி தள்ளிப் போட்டால், 20 அடி அகலத்தில் எண்பது, தொண்ணூறு பேர் உட்காரலாம். கூட்டம் அதிகமானால் திரையைப் பெரிதாக்காமல் இரண்டாம் காட்சி வையுங்கள்.

திரையின் கீழ் விளிம்பு, பாயில் உட்கார்ந்தால் தரையிலிருந்து 4 அடி, நாற்காலி என்றால் 5 அடி. வசனவரி அடியில் வருகிறது, முன்னால் இருப்பவரின் தலையும் அங்கேதான் வருகிறது. பாய் முன்னால், நாற்காலி பின்னால். நாற்காலியை முன்னால் போட்டு முக்கியப் பிரமுகர்களை உட்கார வைக்கும் பழக்கத்தை முதல் நாளே கைவிடுங்கள்.

விளம்பரத்துக்கு அடிக்கும் ஃபிளெக்ஸைத் திருப்பிப் போட வேண்டாம். அது பளபளக்கும், நடுவில் வெளிச்சப் பொட்டு தெரியும். தடித்த வெள்ளைப் பருத்தித் துணி நல்லது, பின்னால் கறுப்புத் துணி. துணியின் விளிம்பில் சுற்றிலும் கட்டுவதற்கான துளைகள் போட்டு, கயிற்றுக்குப் பதிலாக சைக்கிள் டியூபை வெட்டிய வளையங்களால் சட்டத்தோடு கட்டுங்கள். காற்று இழுத்தால் ரப்பர் நீளும், துணி கிழியாது. கயிற்றால் இறுக்கிக் கட்டிய எங்கள் முதல் திரை, ஜனவரிக் காற்றில் மேல் மூலையிலிருந்து கிழிந்தது. சட்டத்தின் இரு கால்களையும் பின்னால் முளை அடித்துக் கட்டாமல் குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வாயனசாலைச் சுவர் கிடைத்தால் இதில் எதுவும் வேண்டாம். பளபளப்பில்லாத வெள்ளை அடித்துவிடுங்கள். எந்தத் துணியைவிடவும் அது மேல்.

8. புரொஜெக்டர்

முதல் ஆறு காட்சிக்கு வாடகைக்கு எடுங்கள், அல்லது பள்ளியில் கேளுங்கள். வாங்குவது அதற்குப் பிறகு. ஆறு மாதம் ஓட்டிய பிறகுதான் உங்கள் இடத்துக்கு என்ன வேண்டும் என்பது தெரியும்.

நல்ல இருட்டில் 12 அடித் திரைக்கு 3,000 முதல் 3,500 ஆன்சி லூமன் (வெளிச்சத்தை அளக்கும் தர அலகு) போதும். 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் பெரிய எண் மட்டும் போட்டு விற்கும் சிறு இயந்திரங்களை நம்பாதீர்கள். அலுவலகங்களில் இருக்கும் 1024க்கு 768 வகை சதுரத்தை நெருங்கிய படத்துக்கானது. அதில் அகலப் படம் போட்டால் முக்கால் பங்கு வெளிச்சம்தான் பயன்படும்.

தூரத்தைக் கணக்கிடுவது எளிது. இயந்திரத்தின் வீச்சு விகிதம் (திரை வரையுள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) 1.5 என்றால், 12 அடி அகலத்துக்கு 18 அடி தள்ளி வைக்க வேண்டும். அந்த இடம் கூட்டத்தின் நடுவில் வரும். ஆகவே மேசைக்கு இடத்தை முதலிலேயே கயிறு கட்டி ஒதுக்குங்கள், பாயைப் பிறகு விரியுங்கள். மேசையைச் சமமாக வைத்து, திரையின் நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள். சாய்த்து வைத்துவிட்டு, கோணலை இயந்திரத்திலேயே திருத்தினால் படத்தின் கூர்மை போய்விடும்.

9. ஒலியும் மின்சாரமும்

படம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்துவிடுகிறார்கள். பந்தல்காரரின் பெரிய ஒலிபெருக்கிகள் பாட்டுக்கு நல்லவை, வசனத்துக்கு அல்ல. இரண்டு நடுத்தர ஒலிபெருக்கிகளைத் திரையின் இரு பக்கமும் தலை உயரத்துக்குச் சற்று மேலே, கூட்டத்தின் நடுவை நோக்கித் திருப்பி வையுங்கள். அடித்தொனியைக் குறைத்தால் பேச்சு தெளியும். புளூடூத் வேண்டாம், உதடும் குரலும் ஒத்துப்போகாது.

எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே கட்டடத்தின் இணைப்பிலிருந்து, மண்ணிணைப்பு (எர்த்) உள்ள பிளக்கில், மூன்று கம்பிக் கேபிளில் எடுங்கள். அந்த இணைப்பில் 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கம்பத்திலிருந்து கொக்கி போடுவது திருட்டு மட்டுமல்ல, ஈர மண்ணில் வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளின் உயிரோடு விளையாடுவது. நடைபாதையைக் கடக்கும் கேபிளைப் புதைத்தோ, ரப்பர் விரிப்பால் மூடியோ விடுங்கள்.

புரொஜெக்டருக்கு மட்டும் ஒரு யு.பி.எஸ். தேவை. மின்சாரம் நின்றவுடன் அதன் விசிறியும் நின்றால் உள்ளே இருக்கும் விளக்கு சூட்டில் கெடும்.

10. ஒத்திகை

வெள்ளிக்கிழமை இரவு, அதே இடத்தில், அதே இயந்திரங்களோடு. படத்தின் முதல் பத்து நிமிடம், நடுவில் பத்து, கடைசிப் பத்து. கடைசியைப் பார்க்காமல் விட்டு, கோப்பு பாதியில் அறுந்திருப்பது காட்சியின்போதுதான் தெரிந்தது ஒருமுறை. முடிவை நாங்களே வாயால் சொல்லி அனுப்பினோம். அன்று எண்பது பேரின் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

படத்தைக் கணினியிலேயே சேமியுங்கள், பென்டிரைவில் இன்னொரு பிரதி வையுங்கள். இணையத்தை அணையுங்கள், தானாகத் தூங்கும் அமைப்பை நிறுத்துங்கள், கணினியின் சார்ஜரை மறக்காதீர்கள். கடைசி வரிசையில் ஒரு வயதானவரை உட்கார வைத்து, வசனவரி படிக்க முடிகிறதா என்று கேளுங்கள். இளைஞர்களின் கண்ணை வைத்து முடிவு செய்வதால்தான் எழுத்து எப்போதும் சிறிதாகிவிடுகிறது.

11. காட்சி நாள்

மூன்று மணிக்குத் திரை, நான்குக்கு மின்சாரம், ஐந்துக்கு மேசையும் இயந்திரமும், ஐந்தரைக்குப் பாய். இந்த வரிசை மாறினால் விரித்த பாயின் மேல் ஏணியை இழுக்க வேண்டியிருக்கும்.

பாதையில் டார்ச்சோடு இருவர் நிற்கட்டும். குடிதண்ணீர், கழிப்பறைச் சாவி, மருந்துப் பெட்டி ஆகிய மூன்றும் ஒரே ஆளின் பொறுப்பு. பெண்கள் உட்காரும் பக்கம் வெளியேறும் வழிக்கு அருகில் இருக்க வேண்டும். நடுவில் பிள்ளை அழுதால் எழுந்து போய் வர யாரையும் மிதிக்க வேண்டியிராது. குடித்துவிட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவருக்கு. இளைஞர்கள் செய்தால் சண்டையாகும்.

சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். ஊராட்சி உறுப்பினர் வரவில்லை, செயலர் வரவில்லை என்று காத்திருந்தால் அடுத்த மாதம் எல்லோரும் அரை மணி நேரம் தாமதமாக வருவார்கள். வரவேற்புரை, நினைவுப் பரிசு, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

மழைக்குப் பிந்தைய மாலையில் ஈசல் கிளம்பினால், திரைக்கு எதிர்ப்பக்கம் தொலைவில் ஒரு விளக்கைப் போடுங்கள். பெரும்பகுதி அங்கே போய்விடும். மறுநாள் புரொஜெக்டரின் காற்று வடிகட்டியைத் துடைத்தாக வேண்டும்.

12. படம் முடிந்த பிறகு

பதினைந்து நிமிடப் பேச்சு. 'படம் எப்படி?' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்பதோடு முடிந்துவிடும். 'இதில் வந்தவர்களில் யாரை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுவீர்கள்?' என்று ஒருமுறை கேட்டோம். அதுவரை வாய் திறக்காத ஒரு தோட்டத் தொழிலாளி அக்கா பத்து நிமிடம் பேசினார். படித்தவர்கள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் பேச மாட்டார்கள். ஆகவே ஒலிவாங்கியைப் பின்பக்கமிருந்து கொண்டுவாருங்கள்.

விருப்பப்பட்டவர்கள் காசு போட்ட உண்டியலைத் திறந்து இருவர் எண்ணட்டும், ஒருவர் நோட்டில் எழுதட்டும். போன மாத வரவு செலவை இந்த மாதக் காட்சிக்கு முன் உரக்க வாசியுங்கள், வாயனசாலைப் பலகையிலும் ஒட்டுங்கள். பணத்தைப் பற்றி ஒருமுறை முணுமுணுப்பு எழுந்தால் அதை அடக்க ஓர் ஆண்டு ஆகும்.

புரொஜெக்டரை அணைத்த பின் விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். திரைத் துணியை மடித்தால் மடிப்புக் கோடு அடுத்த படத்தில் நடிகரின் முகத்தில் விழும். பி.வி.சி. குழாயில் சுருட்டி வையுங்கள். கடன் வாங்கிய நாற்காலிகளை ஞாயிறு காலை ஒன்பதுக்குள், துடைத்து, எண்ணிக் கொடுத்துவிட்டு, கொடுத்தவரிடம் அடுத்த இரண்டாம் சனிக்கிழமைக்கும் அப்போதே கேட்டு வையுங்கள்.